பெயரும் உறவும்: புதைபடிவப் பூஞ்சை நுண்வித்துகளை வகைப்படுத்திய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பாறைகளிலும் ஏரிப் படிவுகளிலும் கிடைக்கும் பூஞ்சை நுண்வித்துகள், தம்மை ஈன்ற பூஞ்சையிலிருந்து பிரிந்து தனித்தே கிடைப்பவை. ஆகவே அவற்றை இனங்காண முயன்றோர் வடிவத்தையே முதற்சான்றாகக் கொள்ள நேர்ந்தது. வடிவத்தைச் சுட்டும் பெயர், எண்ணால் இடப்படும் பெயர், வாழும் பூஞ்சையோடு உறவு கூறும் பெயர் என மூவகைப் பெயரீட்டு முறைகள் இத்துறையில் வளர்ந்துள்ளன. இம்மூன்றும் தோன்றிய வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. ஒருவகைப் பெயரை மற்றொரு வகையாகக் கொண்டு படித்ததே துறையின் முதன்மையான பிழைகளுக்கும் நீண்ட விவாதங்களுக்கும் காரணம் என்பதை ரெடூவியாஸ்போரோனைட்டிஸ், ஸ்போரோர்மியெல்லா ஆகிய இரு சான்றுகள் வழி இது நிறுவ முயல்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் கண்டறியப்பட்ட பூஞ்சை எச்சங்களும் இந்நோக்கில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புதைபடிவப் பூஞ்சை, நுண்வித்து, வடிவப் பேரினம், மகரந்தவியல், பெயரீடு, நெய்வேலி.

1. முன்னுரை

பாடநூல்களில் ‘ஸ்போர்’ என வழங்கும் இனப்பெருக்கத் துகளை இக்கட்டுரை ‘நுண்வித்து’ எனக் குறிக்கிறது. பூஞ்சைகள் கணக்கற்ற நுண்வித்துகளைக் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் விடுகின்றன. அவற்றுள் மெல்லிய, நிறமற்ற சுவருடையவை விரைவில் சிதைந்துவிடும். தடித்த சுவரும் கரும்பழுப்பு நிறமும் உடையவை சேற்றில் படிந்து நெடுங்காலம் நிலைக்கும். சுவரிலுள்ள கைட்டின் என்னும் பொருளும் மெலனின் என்னும் நிறமியும் இந்நிலைப்புக்குக் காரணங்களாகும். பாறைத்துண்டினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்திலும் கரைத்து மகரந்தத்தைப் பிரித்தெடுக்கும்போது, கரையாமல் எஞ்சும் பொருள்களுள் இந்நுண்வித்துகளும் அடங்கும்.

மகரந்தவியலாளர் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. மகரந்தத் துகளைப் பார்த்து இன்ன மரம் எனச் சொல்ல முடிந்தது போல, பூஞ்சை நுண்வித்தைப் பார்த்து இன்ன பூஞ்சை எனச் சொல்ல இயலாமையே அதற்குக் காரணம். வாழும் பூஞ்சையை வகைப்படுத்துவோர் அதன் கனியுடலையும், நுண்வித்து உருவாகும் முறையையும், வளர்ப்பு ஊடகத்தில் அது காட்டும் இயல்பையும், இந்நாளில் மரபணு வரிசையையும் சான்றாகக் கொள்வர். புதைபடிவ நுண்வித்திலோ பெரும்பாலும் இவற்றுள் ஒன்றும் எஞ்சுவதில்லை. எஞ்சுவன வடிவம், அளவு, நிறம், செல்களின் எண்ணிக்கை, துளை, சுவரின் புறவேலைப்பாடு ஆகியவை மட்டுமே.

இச்சிறு சான்றுகளைக் கொண்டு பெயரிட்டவர்கள் எத்தகைய பெயரை இட்டனர், அப்பெயர் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். இவை பெயர்ப்பட்டியல் சார்ந்த வினாக்கள் மட்டுமல்ல. பெர்மியன் காலத்தின் இறுதியில் நிலவுலகில் நிகழ்ந்தது யாது, பனியூழிப் பெருவிலங்குகள் எப்போது அருகின என்னும் பெரிய வினாக்களுக்கான விடைகளும் ஒரு நுண்வித்துக்கு இட்ட பெயரைச் சார்ந்தே நிற்கின்றன.

2. தொடக்கக் காலப் பதிவுகள்

புதைபடிவப் பூஞ்சைகளைப் பற்றிய தொடக்கக் காலப் பதிவுகளுள் 1848இல் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. கிழக்குப் பிரஷ்யாவின் அம்பர்ப் பிசினில் சிக்கியிருந்த மூன்று பூஞ்சணங்களை அவர் அதில் விவரித்தார். அம்பரில் இழையும் நுண்வித்தும் ஒன்றாகவே கிடைத்தமையால் வாழும் பூஞ்சணங்களோடு அவற்றை ஒப்பிடுதல் எளிதாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூயிஜி மெஸ்கினெல்லி அதுவரை அறியப்பட்ட புதைபடிவப் பூஞ்சைகள் அனைத்தையும் தொகுத்து, 1898இல் படத்தொகுதியாகவும் வெளியிட்டார்.

அடுத்த திருப்பம் ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தது. 1912இல் வில்லியம் மேக்கி என்னும் மருத்துவர் அபர்டீன்ஷயரின் ரைனி என்னும் ஊருக்கருகே, தாவரங்கள் உறைந்து நிற்கும் சிலிக்காப் பாறையைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 40.7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டெவோனியன் காலப் பாறை அது. ராபர்ட் கிட்ஸ்டனும் வில்லியம் ஹென்றி லாங்கும் 1917 முதல் 1921 வரை ஐந்து பகுதிகளாக அதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஐந்தாம் பகுதியில் பூஞ்சைகள் இடம்பெற்றன. அவற்றுள் பலவற்றை அவர்கள் பேலியோமைசிஸ், அதாவது ‘தொல்பூஞ்சை’ என்னும் பொதுப்பெயரின்கீழ் வைத்தனர். உறவு உறுதிப்படாத நிலையில் பொதுப்பெயரோடு நிறுத்திக்கொண்ட இவ்வடக்கம் கருதத்தக்கது.

அவ்வுறவு உறுதிப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1994இல் வின்ஃபிரிட் ரெமியும் உடன் ஆய்வாளரும் ரைனித் தாவரமொன்றின் செல்களுக்குள் ஆர்பஸ்கியூல் எனப்படும், மரம்போல் கிளைத்த பூஞ்சை உறுப்பைக் கண்டனர். வேரோடு கூடிவாழும் இன்றைய குளோமஸ் வகைப் பூஞ்சைகளுக்கே உரிய உறுப்பு அது. உறவுக்கு முடிவான சான்றாக நின்றது, தனித்த நுண்வித்தன்று. பூஞ்சையும் தாவரமும் இணைந்திருந்த அவ்வுறுப்பே. சான்று முழுமையாகக் கிடைக்குமிடத்து உறவு கூறலாம் என்பதும், நுண்வித்து மட்டுமே உள்ளவிடத்து அத்துணிவு பொருந்தாது என்பதும் இதனால் பெறப்படுகின்றன.

3. சக்கார்தோவின் வடிவமுறை பாறைக்குள் வந்த விதம்

இத்தாலியின் பதுவா நகரில் பணியாற்றிய பியர் ஆந்திரேயா சக்கார்தோ (1845–1920), உலகப் பூஞ்சைகள் அனைத்தையும் ஒரு தொகுப்பில் அடக்க முயன்றவர். 1882இல் வெளிவரத் தொடங்கிய அப்பெருந்தொகுப்பில் நுண்வித்தின் வடிவத்தையும் நிறத்தையும் வகைப்பாட்டின் முதன்மைக் கருவிகளாக அவர் கையாண்டார். ஒற்றைச் செல், இரு செல், குறுக்குச்சுவர்களால் பிரிந்த பல செல், செங்கற்சுவர் போல் நெடுக்கும் குறுக்குமாகப் பிரிந்த பல செல், நூல் வடிவம், சுருள் வடிவம், விண்மீன் வடிவம் என நுண்வித்துகளை அவர் ஏழாகப் பகுத்தார். இப்பகுப்பு உறவைக் காட்டுவதன்று. தேடுவோர்க்கு வழிகாட்டும் திறவுகோல் மட்டுமே. அகராதியில் அடுத்தடுத்து வரும் சொற்கள் ஒரே வேரின என யாரும் கொள்ளார். சக்கார்தோவின் பகுப்பும் அத்தகையதே.

வாழும் பூஞ்சைகளை ஆராய்வோர் காலப்போக்கில் இம்முறையைக் கைவிட்டனர். ஆனால் புதைபடிவ ஆய்வாளர்க்கு வடிவமே எஞ்சிய சான்று ஆதலின் இம்முறை அவர்களிடம் மறுவாழ்வு பெற்றது. கொலம்பிய நாட்டுப் படிவுகளை ஆராய்ந்த டச்சு அறிஞர் தாமஸ் வான் டெர் ஹாமன் 1954இல் இனாப்பர்ட்டிஸ்போரைட்டிஸ், மோனோபோரிஸ்போரைட்டிஸ், டைபோரிஸ்போரைட்டிஸ், புளூரிசெல்லேஸ்போரைட்டிஸ் முதலிய வடிவப் பேரினங்களை முன்வைத்தார். கொலராடோ நிலக்கரியிலிருந்து கிளார்க் 1965இலும், டெக்சஸ் பழுப்பு நிலக்கரியிலிருந்து வில்லியம் எல்சிக் 1968இலும், டென்னசிக் களிமண் படிவிலிருந்து ஷெஃபியும் டில்ச்சரும் 1971இலும் இவ்வரிசையை விரிவாக்கினர்.

இம்முறையின் உள்ளமைப்பு எளியது. முதலில் செல்களை எண்ண வேண்டும். அடுத்துத் துளைகளை எண்ண வேண்டும். ஒரே செல்லும் துளையின்மையும் இருப்பின் இனாப்பர்ட்டிஸ்போரைட்டிஸ். ஒரே செல்லும் ஒரு துளையும் இருப்பின் மோனோபோரிஸ்போரைட்டிஸ். ஒரே செல்லும் இரு துளையும் இருப்பின் டைபோரிஸ்போரைட்டிஸ். இரு செல்லும் துளையின்மையும் டைசெல்லேஸ்போரைட்டிஸ் ஆகும். மூன்றோ அதற்கு மேலோ செல்கள் இருந்து துளை இல்லையாயின் மல்ட்டிசெல்லேஸ்போரைட்டிஸ். ஒரு துளை இருப்பின் புளூரிசெல்லேஸ்போரைட்டிஸ். இரு துளை இருப்பின் டைபோரிசெல்லேஸ்போரைட்டிஸ். சுருண்டவற்றுக்கும் கொத்தாக அமைந்தவற்றுக்கும் தனிப்பெயர்கள் உண்டு. பூஞ்சையியலில் பயிற்சி பெறாத மகரந்தவியலாளரும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இவ்வரிசைப்படி பெயரிட்டுவிட முடியும்.

4. வடிவப் பெயரின் பயனும் எல்லையும்

நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்தும். மேற்கூறிய பெயர்கள் காரணப்பெயர்கள். செல்லும் துளையும் அவற்றுக்குக் காரணங்கள். இத்தகைய பெயர்களால் விளைந்த நன்மை சிறிதன்று. ஒரு படிவில் கண்ட வடிவத்தை மற்றொரு கண்டத்தின் படிவில் கண்ட வடிவத்தோடு ஒப்பிட முடிந்தது. சில வடிவங்கள் குறிப்பிட்ட காலப் படிவுகளிலேயே மிகுந்து காணப்பட்டமையால், படிவுகளின் அடுக்குமுறையை வரையறுக்கவும் அவை உதவின. 1976இல் எல்சிக் வெளியிட்ட கட்டுரை இப்பயனை வலியுறுத்தியது. ராமகாந்த் கல்குட்கரும் யான் யான்சோனியஸும் 2000இல் வெளியிட்ட தொகுப்பு, சிதறிக் கிடந்த விளக்கங்களை ஓரிடத்தில் திரட்டித் தந்தது. இன்றும் ஆய்வாளர் முதலில் புரட்டும் நூல் அதுவே.

எல்லைகளும் தெளிவானவை. முதலாவதாக, தொடர்பற்ற பூஞ்சைகள் ஒரே வடிவ நுண்வித்தை ஈனக்கூடும். துளையற்ற ஒற்றை உருண்டைச் செல்லைப் பல குடும்பங்கள் உண்டாக்குகின்றன. அவையனைத்தும் ஒரே பெயரின்கீழ் அடங்கிவிடும். இரண்டாவதாக, ஒரே பூஞ்சை தன் வாழ்க்கைச் சுழற்சியில் வெவ்வேறு வடிவ நுண்வித்துகளை ஈனலாம். துருநோய்ப் பூஞ்சைகள் ஐந்து வகை வரை நுண்வித்துகளை உண்டாக்குவது மாணவரும் அறிந்ததே. அவை தனித்தனிப் பெயர்களைப் பெற்றுவிடும். மூன்றாவதாக, நுண்வித்து உடைந்தால் பெயரும் மாறிவிடும்.

மூன்றாவது எல்லைக்கு ஸ்போரோர்மியெல்லா தக்க சான்று. சாணத்தில் வளரும் இப்பூஞ்சையின் நுண்வித்து நான்கோ அதற்கு மேற்பட்டோ செல்கள் வரிசையாக அமைந்தது. முதிர்ந்ததும் அவ்வரிசை தனித்தனிச் செல்களாகப் பிரிந்துவிடுவதால் ஏரிப் படிவுகளில் பெரும்பாலும் ஒற்றைச் செல்களே கிடைக்கின்றன. செல்களை எண்ணிப் பெயரிடும் முறைப்படி முழு நுண்வித்து பல செல் குழுவிலும், உடைந்த துண்டு ஒற்றைச் செல் குழுவிலும் இடம்பெறும். ஒரே பூஞ்சையின் ஒரே நுண்வித்து இரு பேரினங்களாகிவிடுகிறது. உடைந்த செல்லின்மீது நெடுக ஓடும் வளைந்த பிளவைக் கவனித்தவரே அது ஸ்போரோர்மியெல்லாவாக இருக்கலாம் என அறிய முடிந்தது. எண்ணிக்கை காட்டாத உறவை நுண்ணிய உறுப்பொன்று காட்டியது எனலாம்.

5. எண்ணே பெயராகிய முறை

வடிவப் பேரினங்கள் பெருகிவந்த காலத்திலேயே நெதர்லாந்தில் வேறொரு முறை தோன்றியது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாஸ் வான் கேல், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் உருவான முற்றா நிலக்கரிச் சதுப்புகளை ஆராய்ந்தார். 1972, 1978 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய ஆய்வுகள், மகரந்தம் அல்லாத நுண்ணெச்சங்கள் அனைத்தையும் விடாது எண்ணிப் படம் வரைந்து பதிந்தன. அடையாளம் தெரியாதவற்றுக்கு அவர் லத்தீன் பெயர் இடவில்லை; எண் இட்டார். ஆய்வகத்தின் பெயரான ஹியூகோ டி விரீஸ் என்பதன் சுருக்கமும் ஓர் எண்ணும் சேர்ந்து ‘எச்.டி.வி. 113’ என்பது போன்ற குறியீடுகள் தோன்றின.

இவை முழுமையான இடுகுறிப்பெயர்கள். உறவைச் சொல்வதாக இக்குறியீடுகள் பாவனையும் செய்வதில்லை. அதுவே அவற்றின் வலிமை. உறவு பின்னர்த் தெரியவரும்போது எண்ணின் அருகே பெயர் சேர்க்கப்படும். முந்தைய பதிவுகள் எவையும் பயனற்றுப்போகா. 16ஆம் எண் வடிவம் பின்னாளில் பைசோதீசியம் என்னும் பூஞ்சையினது என அறியப்பட்டது. 55அ சோர்டேரியா வகை எனவும், 113 ஸ்போரோர்மியெல்லா எனவும், 207 குளோமஸ் எனவும் வழங்குகின்றன. படிவுகள் இளமையானவை, அவற்றிலுள்ள பூஞ்சைகள் பெரும்பாலும் இன்றும் வாழ்பவை. ஆகவே சாணத்தையோ மட்கிய இலையையோ ஈரக்கூண்டில் வைத்துப் பூஞ்சையை வளர்த்து, அதன் நுண்வித்தைப் புதைபடிவத்தோடு நேருக்குநேர் ஒப்பிட முடிந்தது.

இம்முறை சூழலியல் வரலாற்றுக்குப் புதிய கருவிகளைத் தந்தது. குளோமஸ் நுண்வித்து மண்ணுக்குள், வேர்களைச் சூழ்ந்து உருவாவது. அது ஏரியின் அடிப்படிவில் மிகுந்து கிடைப்பின், கரையிலிருந்த மண் அரிக்கப்பட்டு ஏரிக்குள் வந்தது எனக் கொள்ள இடமுண்டு. ஏரி வற்றி அவ்விடத்திலேயே செடிகள் வேரூன்றியிருந்தாலும் அந்நுண்வித்து மிகக்கூடும் என்பதால், பிற சான்றுகளும் உடன் நோக்கப்பட வேண்டும்.

6. சாணப் பூஞ்சையும் பெருவிலங்குகளின் மறைவும்

வட அமெரிக்காவில் யானையினத்தைச் சேர்ந்த மாஸ்டடான் முதலிய பெருவிலங்குகள் பனியூழியின் இறுதியில் மறைந்தன. எலும்புகள் அரிதாகவே கிடைப்பதால் அவை எப்போது அருகத் தொடங்கின எனக் கூறுதல் கடினம். ஓவன் டேவிஸ் 1987இல் இச்சிக்கலுக்கு ஸ்போரோர்மியெல்லாவைச் சான்றாக்கினார். பெருந்தாவரவுண்ணிகளின் சாணம் மிகுந்தவிடத்து அதன் நுண்வித்து மிகும். அவை குறைந்தவிடத்துக் குறையும் என்பது அவர் கருத்து. அண்மைக்கால ஏரிப் படிவுகளில், கால்நடைகள் கொண்டுவரப்பட்ட பின்னர் அந்நுண்வித்து மீண்டும் பெருகியதையும் அவர் எடுத்துக்காட்டினார். விடை முன்னரே தெரிந்த காலப்பகுதியில் கருவி சோதிக்கப்பட்டது என்பதே இவ்வாய்வின் சிறப்பு.

ஜாக்குலின் கில்லும் உடன் ஆய்வாளரும் 2009இல் இந்தியானா மாநிலத்தின் ஆப்பிள்மேன் ஏரிப் படிவை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு விரிந்த கவனம் பெற்றது. ஏறத்தாழ 14,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 13,700 ஆண்டுகளுக்கு முன் வரை ஸ்போரோர்மியெல்லா படிப்படியாகக் குறைந்தது. இன்றைய காடுகளில் காணப்படாத மரக்கூட்டங்கள் தோன்றியதும் காட்டுத்தீ மிகுந்ததும் அதன் பின்னரே. தாவரம் மாறியதால் விலங்கு அருகவில்லை. விலங்கு அருகியதால் தாவரம் மாறியிருக்கலாம் என்பது இவ்வரிசையின் பொருள். 2012இல் ஆஸ்திரேலியாவின் லின்ச் எரிமலைவாய்ப் படிவிலும் இத்தகைய வரிசை காட்டப்பட்டது. அங்கு நுண்வித்தின் வீழ்ச்சி ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

இவ்வளவு பெரிய முடிவு ஒரு பெயரின்மீது நிற்கிறது. ஸ்போரோர்மியெல்லாவுக்கு நெருங்கிய உறவினதாகிய புரூசியா என்னும் பேரினத்தின் நுண்வித்தும் பிளவுடைய செல்களைக் கொண்டதே. புரூசியாவின் சிற்றினங்கள் பல மண்ணிலும் மட்கிய தாவரத்திலும் வாழ்பவை. உடைந்த ஒற்றைச் செல்லை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. மேலும் நுண்வித்தின் அளவு பெரும்பாலும் மகரந்தத்தோடு ஒப்பிட்ட விழுக்காடாகத் தரப்படுகிறது. மகரந்தம் பெருகினால், நுண்வித்து குறையாதபோதும் விழுக்காடு குறையும். கரையிலிருந்து படிவு எடுத்த இடம் வரையுள்ள தொலைவும் எண்ணிக்கையைப் பாதிக்கும். இவற்றால் ஆப்பிள்மேன் முடிவு வீழ்ந்துவிடவில்லை. ஆயினும் ‘ஸ்போரோர்மியெல்லா’ என எழுதுவதற்கும் ‘ஸ்போரோர்மியெல்லா வகை’ என எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் எழுத்து வேறுபாடன்று என்பது இதனால் விளங்கும். முன்னது உறவைச் சாதிக்கிறது; பின்னது ஒப்புமையை மட்டும் கூறுகிறது.

7. பெர்மியன் இறுதி: பூஞ்சையா, பாசியா?

காலம் பின்னோக்கிச் செல்லச் செல்ல, ஒப்பிடுவதற்குரிய வாழும் உயிரி இல்லாமற் போகிறது. அந்நிலையில் பெயர் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதற்கு ரெடூவியாஸ்போரோனைட்டிஸ் சான்றாகும். லியோனார்டு வில்சன் 1962இல் ஒக்லஹோமாவின் பெர்மியன் படிவிலிருந்து இப்பெயரை இட்டார். செல்கள் சங்கிலி போல் தொடர்ந்த நுண்ணெச்சம் இது. ஆஸ்திரேலியப் படிவிலிருந்து 1979இல் கார்டெசிஸ்டியா எனவும், கிழக்கு கிரீன்லாந்தின் காப் ஸ்டாஷ் படிவிலிருந்து 1980இல் டிம்பானிசிஸ்டா எனவும் ஒத்த எச்சங்கள் பெயர்பெற்றன. 1999இல் எல்சிக் இவற்றை ஒருங்கிணைத்து வில்சனின் பெயரே முந்தியது எனக் காட்டினார்.

ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் இறுதியில் நிகழ்ந்த பேரழிவின் எல்லையை ஒட்டிய படிவுகள் பலவற்றில் இவ்வெச்சம் திரண்டு கிடைக்கிறது. ஹென்க் விஸ்ஷரும் உடன் ஆய்வாளரும் 1996இல் இதனைப் பூஞ்சையெனக் கொண்டு பெரியதொரு விளக்கத்தை முன்வைத்தனர். காடுகள் உலகெங்கும் மடிந்தன. மடிந்த மரங்களை உண்டு பூஞ்சை பெருகியது. அப்பெருக்கமே படிவில் எஞ்சியது என்பது அவ்விளக்கம். நிலவுலகின் பேரழிவை ஒரே நுண்ணெச்சம் சித்திரித்தது.

ஆனால் அது பூஞ்சைதானா? ரஷ்யப் படிவுகளை ஆராய்ந்த அஃபோனினும் உடன் ஆய்வாளரும் 2001இல் இதனைப் பசும்பாசியின் இழையோடு ஒப்பிட்டனர். கிளின்டன் ஃபாஸ்டரும் உடன் ஆய்வாளரும் 2002இல் உருவியல், வேதியியல் சான்றுகளைத் திரட்டிப் பாசி என்னும் கருத்தையே ஆதரித்தனர். 2009இல் மார்க் செப்டனும் விஸ்ஷர் உள்ளிட்ட உடன் ஆய்வாளரும் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் அளவைக் கொண்டு, மரத்தை உண்ட பூஞ்சை என்னும் கருத்தை மீண்டும் நிறுத்தினர். ஒரே எச்சம், ஒரே வடிவ விளக்கம். ஆயினும் உறவு பற்றிய முடிவு இருமுறை திசை மாறியது.

இதனால் மாறுவது வகைப்பாட்டில் ஓர் இடம் மட்டுமன்று. பூஞ்சையாயின் மடிந்த காடு. பாசியாயின் நீர் தேங்கிய, ஒளி நிறைந்த நிலம். இரண்டும் வெவ்வேறு உலகங்கள். இங்குப் பிழை வில்சன் இட்ட பெயரில் இல்லை. வடிவத்துக்கு இட்ட பெயரை உறவுக்கு இட்ட பெயராகப் படித்து, அவ்வுறவின்மீது ஓர் உலக வரலாற்றை எழுதியதிலேயே சிக்கல் தோன்றியது.

8. இந்தியப் படிவுகள்

இந்தியாவில் இத்துறைக்கு நெடிய மரபு உண்டு. பீர்பால் சாஹ்னியும் எச்.எஸ். ராவும் 1943இல் மத்திய இந்தியாவின் சௌசர்ப் பகுதி சிலிக்காப் பாறையிலிருந்து பேலியோசோர்டேரியா என்னும் பூஞ்சையை விவரித்தனர். தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே அமைந்த பாறை அது. லக்னோவில் சாஹ்னியின் பெயரால் விளங்கும் தொல்தாவரவியல் நிறுவனம் இவ்வாய்வுகளின் மையமாயிற்று. ஆர்.கே. சக்சேனாவும் எஸ்.கே.எம். திரிபாதியும் 2011இல் இந்தியப் புதைபடிவப் பூஞ்சைகளைத் தொகுத்து வெளியிட்டமை, ஏழு பத்தாண்டு உழைப்பின் அளவை ஒருசேரக் காண உதவுகிறது. கேரளத்தின் கொல்லம், வர்க்கலைப் படிவுகளின் பூஞ்சைகளைப் பற்றியும் 1970களில் தனிக்கட்டுரைகள் வெளிவந்தன.

தமிழ்நாட்டுக்கு உரிய சான்று நெய்வேலி. அதன் பழுப்பு நிலக்கரியிலிருந்து துருநோய்ப் பூஞ்சைகளின் நுண்வித்துகளை சி.ஜி.கே. ராமானுஜமும் பி. ராமாச்சாரும் 1963இல் அறிவித்தனர். 1980இல் அதே பொருளில் மீண்டும் எழுதினர். இலைப்பரப்பில் கேடயம்போல் படிந்து வாழும் மைக்ரோதைரியேசிப் பூஞ்சைகளும் அங்குக் கண்டறியப்பட்டன. 1982இல் ரெட்டி, ராமானுஜம், ஸ்ரீசைலம் ஆகியோர் நெய்வேலிப் பூஞ்சை எச்சங்களின் அடுக்கியல், காலநிலைப் பயன்களை ஆராய்ந்தனர்.

இவ்விரு வகைச் சான்றுகளின் எடை ஒன்றன்று. கேடய வடிவக் கனியுடல், ஒற்றை நுண்வித்தைவிடப் பன்மடங்கு உறுப்புகளைக் காட்டுவது; கதிர்போல் பரந்த செல் வரிசையும் நடுத்துளையும் அதில் தெளிவாகத் தெரியும். இன்றைய உறவினங்கள் ஈரம் மிகுந்த வெப்பநிலக் காடுகளில் மிகுந்து வாழ்வதால், நெய்வேலியின் தொல்காலநிலை பற்றிய முடிவுக்கு அது வலுவான துணை. துருநோய்ப் பூஞ்சை என்னும் முடிவு வேறு தன்மையது. இப்பூஞ்சைகள் குறிப்பிட்ட ஓம்புயிர்த் தாவரங்களையே சார்ந்து வாழ்பவை. ஆகவே அம்முடிவு உறுதிப்படுமாயின், அக்காட்டில் எந்தத் தாவரத்தை எந்த நோய் தாக்கியது என்னும் வினாவும் உடன் எழும். காம்பு, முளைத்துளைகளின் எண்ணிக்கையும் இடமும், சுவரின் முள்ளமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே நுண்வித்தில் காணப்பட்டால் உறவு வலுப்பெறும். அவற்றுள் ஒன்றிரண்டு மட்டும் காணப்பட்டால் வடிவப் பெயரோடு நிற்பதே முறை. முன்னோர் கண்டவற்றை இன்றைய நுண்ணோக்கியியல் கருவிகளால் மீண்டும் காண்பது அவர்தம் பணியைக் குறைப்பதாகாது, அதனைத் தொடர்வதேயாகும்.

9. பெயரீட்டு விதிகள் கூறுவது

பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரீட்டு நெறிமுறை இச்சிக்கலை அறியாததன்று. புதைபடிவப் பெயர்களின் முந்துரிமை 1820 டிசம்பர் 31 முதல் கணக்கிடப்படுகிறது. 2011இல் மெல்போர்ன் மாநாடு செய்த மாற்றம் இங்கு முதன்மையானது. வாழும் பூஞ்சையின் பாலினப் பருவத்துக்கும் பாலிலாப் பருவத்துக்கும் தனித்தனிப் பெயர் வழங்கும் நெடுநாள் வழக்கம் அம்மாநாட்டில் கைவிடப்பட்டு, ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்னும் நெறி ஏற்கப்பட்டது. புதைபடிவங்களுக்கோ, ‘வடிவ வகையன்’ என்னும் சொல் நீக்கப்பட்டு ‘புதைபடிவ வகையன்’ என்பது நிலைபெற்றது. உயிரியின் குறிப்பிட்ட பகுதியையோ பருவத்தையோ மட்டும் சுட்டும் பெயர்களை இவ்வகையன் இன்றும் அனுமதிக்கிறது. வாழும் உயிரியின் பெயரும் புதைபடிவத்தின் பெயரும் ஒன்றனையே சுட்டுகின்றன எனக் கொள்ளும்போது, வாழும் உயிரியை அடிப்படையாகக் கொண்ட பெயரே முந்தும்.

இவ்விதிகளின் உட்பொருள் தெளிவு. உறவு உறுதிப்பட்டவிடத்து வடிவப் பெயர் விலகிக்கொள்ள வேண்டும். உறுதிப்படாதவிடத்து அது தன் எல்லைக்குள் நிலைத்திருக்கலாம். விதி இடைவெளியை ஒப்புக்கொள்கிறது. இடைவெளியை மறைக்குமாறு கூறவில்லை.

அண்மைக் காலத்தில் பூஞ்சையியலார் இவ்வெச்சங்களைத் தம் கண்கொண்டு மீண்டும் நோக்கத் தொடங்கியுள்ளனர். நூனியெஸ் ஒட்டானோவும் உடன் ஆய்வாளரும் 2021இல் வெளியிட்ட கட்டுரை, நுண்வித்து உருவாகும் முறையைக் காட்டும் தடங்களை, குறிப்பாகத் தாய்ச்செல்லிலிருந்து பிரிந்த வடுவையும் குறுக்குச்சுவரின் அமைப்பையும் கருத வேண்டும் என வலியுறுத்துகிறது. செல் எண்ணிக்கையிலிருந்து உருவாக்க முறைக்கு நோக்கு நகர்வது, வாழும் பூஞ்சையியல் முன்னரே கடந்துவந்த பாதையைப் புதைபடிவ ஆய்வும் ஏற்பதாகும்.

10. முடிவுரை

இக்கட்டுரையில் ஆராயப்பட்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

சக்கார்தோவின் வடிவமுறை தேடுதற்குரிய திறவுகோலாகத் தோன்றியது. புதைபடிவ ஆய்வில் அது பேரினப் பெயர்களாக உருமாறியபோது உறவு கூறுவது போன்ற தோற்றத்தைப் பெற்றது. வான் கேலின் எண்முறை, அறியாமையை வெளிப்படையாகப் பதிந்தமையால், பின்னர் வந்த அறிவுக்கு இடம் கொடுத்தது. ரைனிப் பூஞ்சையிலும் சாணப் பூஞ்சையிலும் உறவு உறுதிப்பட்டது, வடிவத்துக்கு அப்பாற்பட்ட சான்று கிடைத்தபோதுதான்: முன்னதில் தாவர செல்லுக்குள் கண்ட உறுப்பு, பின்னதில் வாழும் பூஞ்சையோடு ஒப்பீடும் அறியப்பட்ட கால்நடை வரலாறும். ரெடூவியாஸ்போரோனைட்டிஸில் அத்தகைய ஐயமற்ற சான்று வாய்க்காமையாலேயே விவாதம் நீண்டது.

ஆகவே புதைபடிவப் பூஞ்சை நுண்வித்தைப் பதிவோர் மூன்றைத் தனித்தனியே எழுதுதல் வேண்டும்: கண்ட வடிவம் யாது, அது வாழும் எப்பூஞ்சையை ஒத்துள்ளது, உறவு எனத் துணிவதற்குரிய தனிச்சான்று யாது. மூன்றாவது இல்லையாயின் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அவ்வெறுமையை நிரப்பும் அவசரத்தில் எழுதப்படும் பெயர், அடுத்து வருவோர் கண்ணை மறைத்துவிடும். நெய்வேலிச் சுரங்கத்தின் கரியில் உறைந்திருக்கும் நுண்வித்துகளும் இம்மூன்று பத்திகளில் மீண்டும் எழுதப்படக் காத்திருக்கின்றன.